குதிருக்குள் ஒளி: பாட்னா களஞ்சியத்திலிருந்து குவாண்டம் டாட் வரை

தஞ்சாவூர்ப் பக்கத்து மக்களுக்குக் குதிர், பத்தாயம் எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மத்தவங்களுக்காக ஒரு வரி. குதிர்ங்கிறது மண்ணால செஞ்சது, பத்தாயம் மரத்தால செஞ்சது. ரெண்டுலயும் நெல்லை மேலே கொட்டணும், கீழே இருக்கிற சின்ன வாசல் வழியா எடுத்துக்கணும். இதையே பெரிய சைஸ்ல பார்க்கணும்னா பாபநாசம் போகணும். அங்கே திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில்ல நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒண்ணு நிக்குது. 1600க்கும் 1634க்கும் நடுவுல கட்டினது. செங்கல் கட்டடம், வட்டமான அடி, மேலே போகப்போகக் குவியும் உச்சி. உயரம் 36 அடி, சுற்றளவு 80 அடி, கொள்ளளவு 3000 கலம் நெல்.

ஆனா இந்தப் பதிவு நெல்லைப் பத்தி இல்லை, ஒளியைப் பத்தி. நெல் மாதிரி ஒளியையும் ஒரு குதிர்ல அடைச்சு வெச்சு, வேணும்கிறப்போ வேணும்கிற வாசல் வழியா எடுக்க முடியுமா? முடியும். இயற்பியல்காரங்க அதை ஆப்டிக்கல் கேவிட்டின்னு சொல்றாங்க. நான் இந்தப் பதிவு முழுக்க ஒளிக்குதிர்னே சொல்லப் போறேன், திட்டறவங்க திட்டிக்கலாம் :-)

இதோட வரலாற்றைத் தேடிப் போனா, நடுவுல நமக்கு ரொம்பத் தெரிஞ்ச ஒருத்தர் நிக்கிறார். ஆனா நமக்குத் தெரிஞ்ச காரணத்துக்காக இல்லை.

லண்டன்ல ஒரு கிசுகிசு

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தோட கூண்டுக்கு உள்ளே வட்டமா ஒரு மாடம் ஓடுது. ஒரு பக்கம் சுவரோட முகத்தை ஒட்டி ஒருத்தர் கிசுகிசுத்தா, ரொம்ப தூரத்துல சுவத்துல காதை வெச்சவருக்குத் தெளிவாக் கேக்கும். நடுவுல நிக்கறவருக்குக் கேக்காது. ஏன்?

சத்தம் மேலே கூண்டுல பட்டுத் திரும்பி எதிர்ப்பக்கம் ஒரே புள்ளியில குவியுதுன்னு முதல்ல ஒரு விளக்கம் சொன்னாங்க. லார்ட் ரேலி இதை ஒத்துக்கலை. குவியுதுன்னா எதிர்ப்புள்ளியில மட்டும்தானே கேக்கணும்? சுவர் நெடுகக் கேக்குதே! சத்தம் சுவரை விட்டு விலகாம, அதை உரசிக்கிட்டே ஓடுதுன்னார். ஒரு தகட்டை வளைச்சு வெச்சுச் சோதனையும் செஞ்சு காட்டினார். வளைவை ஒட்டி ஒரு சின்னத் தடுப்பு வெச்சாப் போதும், அந்தப் பக்கம் சத்தம் நின்னுடும். 1910ல முழுக் கணக்கையும் எழுதி முடிச்சார்.

1921ல ஆக்ஸ்ஃபோர்டுல நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குக் கல்கத்தாவுலேர்ந்து ஒரு தமிழர் கப்பல்ல வந்தார். சி.வி.ராமன். 1888ல திருவானைக்காவல்ல, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல பிறந்தவர். அப்பா வழி தஞ்சை ஜில்லா மாங்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். முதல் வெளிநாட்டுப் பயணம். லண்டன் போனா என்ன பார்ப்போம்? இவர் செயின்ட் பாலுக்குப் போய், சதர்லாந்துங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளரோட சேர்ந்து, சுவத்தை ஒட்டி ஒலியை அளக்க ஆரம்பிச்சுட்டார்.

அளந்தப்போ ரேலியோட கணக்குல எதிர்பார்க்காத ஒண்ணு கிடைச்சுது. சுவத்துலேர்ந்து உள்பக்கமா நகர நகர சத்தம் சீராக் குறையலை. ஏறி இறங்குது. ஒரு பட்டை பலமா, அடுத்த பட்டை பலவீனமா, மறுபடி பலமா. இது 1921ல நேச்சர் இதழ்ல குறிப்பா வந்துச்சு, அடுத்த வருஷம் ராயல் சொசைட்டி இதழ்ல கட்டுரையா வந்துச்சு.

ஊருக்குத் திரும்பியும் மனுஷன் விடலை. பீஜப்பூர் கோல் கும்பஸ், கல்கத்தா விக்டோரியா மெமோரியல், பாட்னா கோல்கர்னு நம்ம நாட்டுக் கிசுகிசு மண்டபங்களைப் பத்தி 1922ல தனியா ஒரு கட்டுரை எழுதினார். இதுல கோல்கர் என்ன தெரியுமா? நெற்களஞ்சியம்! 1770 பஞ்சத்துக்கு அப்புறம், கேப்டன் ஜான் கார்ஸ்டின் 1786ல கட்டி முடிச்ச தேன்கூடு வடிவக் களஞ்சியம். திருப்பாலைத்துறைக் களஞ்சியத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு தம்பி.

அதே 1921 பயணத்துல, திரும்பி வர்ற கப்பல்ல மத்தியதரைக் கடலோட நீலத்தைப் பார்த்து யோசிச்சதுதான் 1928 கண்டுபிடிப்புக்கும் 1930 நோபலுக்கும் விதை. பள்ளிக்கூடப் புத்தகத்துல கடல் இருக்கு, நோபல் இருக்கு. செயின்ட் பால் இல்லை. ஒரே பயணத்துல விழுந்த இன்னொரு விதை எங்கே முளைச்சுதுன்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு.

ஒலி போய் ஒளி வந்தது

ஒலி சுவத்தை உரசிக்கிட்டு ஓடும்னா ஒளி ஓடாதா? ஓடும். கண்ணாடி உருண்டைக்குள்ள விளிம்பை ஒட்டி விட்ட ஒளி, வெளியே போக முடியாம முழு அக எதிரொளிப்புல திரும்பித் திரும்பி உள்ளேயே சுத்தும் (பிளஸ் டூ இயற்பியல், ஞாபகம் இருக்கா?). ஒரு சுத்து முடிச்சு வர்றப்போ அலை தன் வாலையே சரியாப் பிடிச்சா, அதாவது சுற்றளவுக்குள்ள முழு எண்ணிக்கையில அலைகள் அடங்கினா, அந்த நிறம் மட்டும் உள்ளே தங்கும். மத்த நிறமெல்லாம் தன்னைத்தானே அழிச்சுக்கும். தங்கற ஒவ்வொரு அலை வடிவத்துக்கும் மோடுன்னு பேரு.

1961ல பெல் லேப்ஸ்ல காரெட், கைசர், பாண்ட் மூணு பேரும் கால்சியம் ஃபுளோரைடு உருண்டைக்குள்ள இதே வித்தையில லேசர் வெளிச்சத்தை உண்டாக்கினாங்க. லேசர் பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. 1992ல மறுபடியும் பெல் லேப்ஸ். மெக்கால், லெவி, ஸ்லஷர் குழு சில மைக்ரான் அகலத்துல, ஒரு சின்னத் தண்டு மேல உட்கார்ந்த தட்டு மாதிரி, குறைக்கடத்தியில ஒரு லேசர் செஞ்சாங்க. மைக்ரோடிஸ்க். பார்த்தா அப்படியே காளான். அந்தக் கட்டுரைத் தலைப்புலயே கிசுகிசு மண்டபம் இருக்கு. செயின்ட் பால் கூண்டைப் பல லட்சம் மடங்கு சுருக்கினா மைக்ரோடிஸ்க்.

குதிருக்குள்ள என்ன போடறது?

குதிர் ரெடி. நெல்லு? அதுதான் குவாண்டம் டாட்.

காலியம் ஆர்சனைடு படிகத்து மேல இண்டியம் ஆர்சனைடை மெல்லிசாப் படிய விடறாங்க. இண்டியம் ஆர்சனைடோட அணு இடைவெளி சுமார் 7 சதவீதம் பெரிசு. கீழே இருக்கிற அடுக்கோட ஒத்துப்போக முடியாம, ஒரு அளவுக்கு மேல அது தானே குட்டிக் குட்டித் தீவுகளாத் திரண்டுடும். ஒவ்வொரு தீவும் சில பத்து நானோமீட்டர் அகலம். அதுக்குள்ள மாட்டின எலக்ட்ரான், ஒரு அணுவுக்குள்ள இருக்கிற மாதிரி குறிப்பிட்ட படிகள்லதான் நிக்க முடியும். மேல்படியிலேர்ந்து கீழ்படிக்கு இறங்கறப்போ ஒரே ஒரு ஃபோட்டானை விடும். (எகிமோவ், ப்ரூஸ், பவெண்டி மூணு பேருக்கும் 2023 வேதியியல் நோபல் வாங்கித் தந்த டாட்கள் கண்ணாடிக்குள்ளயும் திரவத்துலயும் வளர்ந்தவை. டிவியில வர்றது அந்த வகையறா. இது படிகத்துக்குள்ள வளர்ற ஒண்ணுவிட்ட அண்ணன்.)

ஒரு ஃபோட்டான் மட்டும் ஏன் வேணும்? ரகசியச் சாவி அனுப்பறதுக்கு. ஒரே ஃபோட்டான்ல சாவி போனா, நடுவுல ஒருத்தன் ஒட்டுக்கேட்டா தடயம் தெரிஞ்சுடும். குவாண்டம் கம்ப்யூட்டர்லயும் வேலை இருக்கு. ஆனா சும்மா விட்டா டாட் ரெண்டு தப்பு பண்ணும். ஃபோட்டானை எந்தத் திசையிலயும் துப்பும். அதுவும் நிதானமா, ஒரு நானோ செகண்ட் எடுத்துக்கிட்டு.

இதுக்கு மருந்தை எட்வர்ட் பர்செல் 1946லயே எழுதி வெச்சுட்டார், அதுவும் மாநாட்டுக்குக் கொடுத்த ஒரு சின்னக் குறிப்புல. அவர் யோசிச்சது ரேடியோ அலைக்கும் அணுக்கருவுக்கும், ஆனா கணக்கு ஒண்ணுதான். ஒளியை விடற பொருள் எவ்வளவு வேகமா விடும்ங்கிறது அதோட தனிக்குணம் மட்டும் இல்லை. எந்த அறைக்குள்ள உட்கார்ந்திருக்குங்கிறதையும் பொறுத்தது. சரியான அறையில வெச்சா வேகமா விடும். அந்த வேகம் ரெண்டு எண்ணைப் பொறுத்தது. ஒண்ணு Qன்னு எழுதற க்யூ மாதிரி எண், எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க ரேடியோ ட்யூனர்ல பார்த்த அதே க்யூதான்: குதிர் எவ்வளவு கம்மியா ஒழுகுது. இன்னொண்ணு குதிரோட கொள்ளளவு. க்யூ பெரிசா இருக்கணும், கொள்ளளவு சிறிசா இருக்கணும்.

கண்ணாடி உருண்டைகள்ல க்யூ 1000 கோடி வரைக்கும் போயிருக்கு. ஒரு மைக்ரான் அலைநீள ஒளி அதுல 5 மைக்ரோ செகண்ட் தங்கும், அதுக்குள்ள ஒரு கிலோமீட்டருக்கு மேல ஓடி முடிச்சிருக்கும். ஆனா கொள்ளளவு பெரிசு. டாட் வேலைக்குச் சின்னக் குதிர்தான் வேணும், அதுல க்யூ 10,000 வந்தாலே அப்போ பெரிய விஷயம். ஒளி தங்கற நேரம் 5 பிக்கோ செகண்ட்.

1998ல பிரான்சுல ஜெரார் குழு நிஜமாவே செஞ்சு காட்டினாங்க. குட்டித் தூண் வடிவக் குதிர், மேலயும் கீழயும் அடுக்கடுக்காக் கண்ணாடி, நடுவுல டாட்கள். சுருதி சேர்ந்த டாட்கள் 5 மடங்கு வேகமா ஒளிர்ந்துச்சு. 2000ல மிக்லர் குழு மைக்ரோடிஸ்க்குல ஒரு டாட்டை வெச்சு, ஒரு லேசர் துடிப்புக்கு ஒரு ஃபோட்டான்னு எண்ணி எடுத்தாங்க. கிசுகிசு மண்டபத்துல ஒரே ஒரு கிசுகிசு.

இடம், சுருதி, வாசல்

குதிரை டிசைன் பண்றதுல நிஜமான சிக்கல் மூணு.

முதல்ல இடம். ராமன் செயின்ட் பால்ல அளந்தாரே, ஒரு பட்டை பலமா, ஒரு பட்டை பலவீனமான்னு? ஒளிக்குதிருக்குள்ளயும் அதே ஏற்ற இறக்கம்தான். பலமான இடத்துல டாட் உட்கார்ந்தாத்தான் பர்செல் சொன்னது நடக்கும். பலவீனமான இடத்துல உட்கார்ந்தா, எவ்வளவு நல்ல குதிரா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆனா டாட் தன் இஷ்டத்துக்கு முளைக்குது. நாத்து நட்ட மாதிரி வரிசையா இல்லை, தெளி விதைச்ச மாதிரி. ஆயிரம் குதிர் செஞ்சா ஏதோ ஒண்ணு ரெண்டுல அதிர்ஷ்டம் அடிக்கும். ஆரம்ப வருஷங்கள் இப்படித்தான் ஓடுச்சு. 2005ல படோலாட்டோ குழு வேற வழி பார்த்தாங்க. முதல்ல டாட் எங்க இருக்குன்னு கண்டுபிடி, அப்புறம் அதைச் சுத்திக் குதிரைக் கட்டு. பயிர் முளைச்ச இடத்துல போய் வரப்பு போடற மாதிரி.

ரெண்டாவது சுருதி. டாட் விடற நிறமும் குதிர் தாங்கற நிறமும் மயிரிழை பிசகாம ஒத்துப்போகணும். குதிர் செய்யறப்போ ஒரு நானோமீட்டர் தப்பினாலே சுருதி போயிடும். செஞ்சு முடிச்சப்புறம் சரி பண்ணணும். எப்படி?

இங்கதான் மறுபடி தஞ்சாவூருக்கு வரணும், மறுபடி ராமனுக்கும்.

சாதாரண முரசுத் தோல்ல மோடுகள் ஒண்ணோட ஒண்ணு சேராது. அடிப்படை அதிர்வு 1ன்னா அடுத்தது 1.59, அதுக்கடுத்தது 2.14. அதனாலதான் முரசு இடிக்கும், பாடாது. மிருதங்கம் மட்டும் ஏன் சுருதியோட பேசுது? 1920ல சிவகாளி குமாரோட நேச்சர்லயும், 1934ல தனியாகவும் ராமன் பதில் எழுதினார். வலந்தலை நடுவுல இருக்கிற கறுப்பு வட்டம்தான் காரணம். அந்தக் கனம் மோடுகளை இழுத்து வரிசைப்படுத்துது. முதல் 9 மோடுகள் கூடி, 1, 2, 3, 4, 5ங்கிற விகிதத்துல 5 ஸ்வரமா நிக்குது. தோல் மேல மெல்லிசா மணலைத் தூவி, ஒவ்வொரு மோடோட கோலத்தையும் அவர் பார்த்திருக்கார்.

அந்தக் கறுப்பு வட்டம் எதால ஆனது? குழைய வடிச்ச சோறும், பொடிச்ச இரும்புக்கல்லும். அதனாலதான் அதைச் சோறுன்னே சொல்றாங்க. கொஞ்சம் அப்பி, கல்லால தேய்ச்சு, காயவிட்டு, தட்டிக் கேட்டு, மறுபடி கொஞ்சம் அப்பி… இப்படி அடுக்கடுக்கா ஏத்தறாங்க. கனம் ஏற ஏற சுருதி இறங்கும்.

இப்போ 2005க்கு வாங்க. ஒளிக்குதிரோட சுருதியை இறக்க மோசர் குழு என்ன பண்ணாங்க? கடுங்குளிர்ல இருக்கிற குதிர் மேல ஸெனான் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமா உறைய விட்டாங்க. படலம் ஏற ஏற சுருதி இறங்குச்சு. அதே வருஷம் ஹென்னஸி குழு எதிர்ப்பக்கம் போனாங்க. மேற்பரப்புல உருவாகற ஆக்ஸைடு படலத்தை ஒவ்வொரு அடுக்கா அமிலத்துல கரைச்சு எடுத்தாங்க. அடுக்கு குறையக் குறைய சுருதி ஏறுச்சு. ஒவ்வொரு தடவையும் நிறமாலையைப் பார்த்து, மறுபடி ஒரு அடுக்கு. தட்டிக் கேட்டு அப்பற அதே வேலை, அதே பொறுமை!

ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்ல வரலை, நம்ம முன்னோர்கள் குவாண்டம் கண்டுபிடிச்சாங்க கோஷ்டியில நான் இல்லை. ஆனா ரெண்டு பேரும் தீர்க்கிற கேள்வி ஒண்ணு. மோடை எப்படி நகர்த்தறது, எங்கே எவ்வளவு சேர்த்தா எது எவ்வளவு நகரும். ராமன் அந்தக் கேள்விக்குக் கணக்குல பதில் எழுதினார். அதுக்கு ரொம்ப முன்னாடியே கையால பதில் சொல்லிட்டிருந்தவங்க பேரு ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல ஏறலை. தஞ்சாவூர்ல தோலும் சோறும் கல்லுமா உட்கார்ந்திருந்த தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் அவங்கள்ல முக்கியமானவங்க. பாலக்காடு மணி ஐயரைத் தெரிஞ்ச எத்தனை பேருக்கு, அவருக்கு மிருதங்கம் செஞ்சு கொடுத்த பர்லாந்தைத் தெரியும்? டி.எம்.கிருஷ்ணா 2020ல இந்தக் கைவினைஞர்களைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது.

மூணாவது வாசல். பாட்னா கோல்கருக்கு ஒரு கதை சொல்வாங்க. கதவெல்லாம் உள்பக்கமாத் திறக்கும், அதனால முழுக்க ரொப்பிட்டா கதவைத் திறக்கவே முடியாதுன்னு. அந்தக் களஞ்சியம் ஒரு தடவைகூட முழுசா ரொம்பினதில்லை. ஒளிக்குதிர் செய்யறவங்களுக்கும் இந்தப் பொறி உண்டு. க்யூவை ஏத்திக்கிட்டே போகணும்னு ஆசையா இருக்கும், ஆனா ஒழுகவே ஒழுகாத குதிர்லேர்ந்து ஃபோட்டான் நமக்கு எப்படி வரும்? அதனால தூண் குதிர்ல கீழ்க்கண்ணாடிக்கு அடுக்கு அதிகம், மேல்கண்ணாடிக்குக் குறைச்சல். ஒழுகினா மேல் வழியா மட்டும் ஒழுகு, அங்கதான் ஃபைபர் காத்திருக்குன்னு அர்த்தம். நம்ம வீட்டுக் குதிர்ல வாசல் கீழே, இதுல மேலே. அவ்வளவுதான் வித்தியாசம்.

2004க்கு அப்புறம்

மூணும் சரியா அமைஞ்சா, டாட் விட்ட ஃபோட்டான் வெளியே ஒழுகறதுக்கு முன்னாடி டாட்டே அதைத் திரும்ப வாங்கிக்கும். மறுபடி விடும், மறுபடி வாங்கும். ஒரே கிளையில கட்டின ரெண்டு ஊஞ்சல் மாதிரி, ஒண்ணு ஆடி நிக்கறப்போ இன்னொண்ணு ஆட ஆரம்பிக்கும். எது டாட், எது ஒளின்னு பிரிச்சுச் சொல்ல முடியாத நிலை. 2004 நவம்பர்ல ஒரே நேச்சர் இதழ்ல ரெண்டு குழு இதைக் காட்டினாங்க. ஜெர்மனியில ரைட்மயர் குழு தூண் குதிர்ல, அமெரிக்காவுல யோஷியே குழு ஓட்டை போட்ட சல்லடை மாதிரி படிகத்துல. அடுத்த வருஷமே பிரான்சுல பீட்டர், செனெல்லார் குழு மைக்ரோடிஸ்க்குல காட்டினாங்க. செயின்ட் பாலோட நேரடி வாரிசு அது.

செனெல்லார் குழு 2008ல குளிர்லயே டாட்டை ஒளியால தேடிப் பிடிச்சு, அதே இடத்துல தூணை வரையற முறையைக் கொண்டு வந்தாங்க. 2017ல அங்கேர்ந்து குவாண்டெலாங்கிற கம்பெனியே பிறந்துச்சு. நம்ம நாட்டுல 2023 ஏப்ரல்ல தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6003.65 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க, குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடிக்கு வந்திருக்கு. நம்ம ஆளுங்களும் குதிர் கட்டுவாங்க.

அப்போ ராமன் பேரை நாம வழக்கம்போல நோபலோட சேர்த்து மட்டும் சொல்லாம இருந்தா நல்லாருக்கும். 1928 பிப்ரவரி 28ஐக் கொண்டாடறோம், சரி. ஆனா கிசுகிசு மண்டபம், மிருதங்கம், வீணையோட வளைஞ்ச குதிரைன்னு அவர் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செஞ்ச ஒலி ஆராய்ச்சிகள் எல்லாம் பெரிய விஞ்ஞானியோட பொழுதுபோக்கு இல்லை. ஒரு மூடின இடத்துக்குள்ள அலை எங்கே நிக்கும், எதனால நகரும்ங்கிற கேள்விதான் அது மொத்தமும். இன்னைக்குக் குவாண்டம் லேப்ல நடக்கிறதும் அதே கேள்விதான். பரிசு கிடைச்சதை மட்டும் அறிவியல்னு எண்ணினா ராமன்லயே பாதியைத் தொலைச்சுடறோம். கட்டுரை எழுதினவங்களை மட்டும் எண்ணினா பர்லாந்துகளை முழுசாத் தொலைச்சுடறோம்.

பதிவு நீளமாயிடுச்சு, நிறுத்திக்கறேன். கும்பகோணம், பாபநாசம் பக்கத்துப் பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பாலைத்துறை போனா, களஞ்சியத்துக்குள்ள விட்டாங்கன்னா, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. எதிரெதிரே நின்னு, சுவத்தோட முகத்தை ஒட்டி, மெல்லமா ஏதாவது சொல்லிப் பாருங்க. அப்புறம் சுவத்தைவிட்டு ஒவ்வொரு சாணா உள்ளே நகர்ந்து கேளுங்க. சத்தம் எங்க ஏறுது, எங்க இறங்குதுன்னு குறிச்சுக்கிட்டு வந்து பின்னூட்டத்துல போடுங்க. 1921ல ராமன் லண்டன்ல செஞ்சதும் அவ்வளவுதான்.

டிஸ்கி: ஒளிக்குதிருக்கு இதைவிட நல்ல தமிழ்ச் சொல் வெச்சிருக்கிறவங்க தாராளமா அடிக்க வரலாம்.